பாராட்டினால் செத்துப்போகும் பூதம்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் இறங்கி 'இசக்கி நைட்டீஸ்' எங்கே என்று கேட்டால் யாரானாலும் கை காட்டுவார்கள். அந்தக் கடைக்காரி ஜெயசித்ரா ஓர் உலகத்தையே உண்டாக்கியவள் என்று அதே ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள். "யாரு, நம்ம நைட்டிக்கடைப் பிள்ளையா? போன மாசம் அவ கொடுத்த நைட்டி ஒரே துவைப்புல முட்டு வரைக்கும் ஏறிட்டு" என்பார்கள். இவர்களை நம்பிப் பயனில்லை என்றுதான் நானே எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்துதான் தொழில். ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம் எழுதுகிறேன், பெயர் ஞானதுரை. வடக்கே இன்னார் புஞ்சை, தெற்கே இன்னார் கிணறு என்று எழுதி எழுதியே தலை நரைத்தவன். அதனால் இதிலும் ஆங்காங்கே 'மேற்படி' வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்கு வாடகைப் பத்திரம் எழுத வந்தபோதுதான் ஜெயசித்ரா எனக்குப் பழக்கம். பத்திரத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு ஆளு எந்தப் பக்கம் தப்பிச்சுப் போனாலும் பிடிக்கிற மாதிரி எழுதியிருக்கிய. எனக்கு ஒரு விதிமுறை எழுதித் தரணும், பூதத்துக்கு" என்றாள். முப்பத்தாறு வயதுப் பெண்பிள்ளை, பார்க்கவும் தெளிவாக இருந்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு, "எந்த ஊர்ப் பூதம்?" என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது தோழிகளோடு ஒரு விளையாட்டு பழகியிருக்கிறாள். காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேஷம். குகைக்குள் நுழைகிறேன், கதவை உடைக்கிறேன் என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும். ஊருக்கு வந்தபிறகும் அவளால் அதை விட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையில் கூட்டம் இருக்காது. துணி வெட்டுகிற மேசையைச் சுற்றி உட்கார்வோம். மில்லில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் சிவபாண்டி, மருத்துவக் கட்டுத் துணி நெய்கிற கம்பெனியில் வேலை பார்க்கும் மாரிக்கனி, அப்புறம் நான். கதை சொல்கிறவள் ஜெயசித்ரா. நாங்கள் எட்டிப் பார்க்காமல் இருக்க அவள் முன்னால் டபுள் எக்ஸெல் நைட்டி ஒன்று கொடியில் தொங்கும்.

கல்லாவில் அவள் அம்மா இசக்கியம்மாள். அந்த அம்மாள் வாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்ற மகளை 'சனியனே' என்று எழுப்பி, 'மூதேவி' என்று சாப்பிடக் கூப்பிட்டு, 'விளங்காதவளே' என்று தூங்க அனுப்புகிற ஜாதி. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கும், "ஆமா, பெரிய கலெக்டரு, போய்த் தண்ணி பிடி" என்றுதான் சொன்னாராம். மகளுக்குக் கண்ணு பட்டுவிடக் கூடாது என்ற பயம். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பதில் அந்த அம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது.

வீட்டில்தான் இப்படி என்றால் கடையிலும் அதே கதை. பாராட்டினால் விலை ஏறிவிடும் என்று எந்த வாடிக்கையாளரும் வாய் திறப்பதில்லை. தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண்கள் இருவர் வந்தார்கள் என்று வையுங்கள். ஒருத்தி மற்றவள் காதில் "பாகுந்தி" என்பாள். நல்லா இருக்கிறது என்று அர்த்தம். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு, தமிழில், "ஏம்மா, இது சாயம் போற துணி மாதிரில்ல இருக்கு!" என்பாள். இந்த ஊரில் பிறந்த ஜெயசித்ராவுக்குத் தெலுங்கு தெரியாதா? அவளுக்குக் கிடைத்த பாராட்டு எல்லாம் இப்படி அடுத்தவர் காதில் விழுந்து சிதறியது மட்டும்தான். ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "துரையண்ணே, பேரம் பேசாம, பயப்படாம, என் மூஞ்சியப் பாத்து ஒருத்தரு நல்லா இருக்குன்னு சொல்லணும். ஒரே ஒரு தடவை. பொறவு எனக்கு ஒண்ணும் வேண்டாம்." நானாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஏன் முடியாது என்று சொல்கிறேன்.

ஆரம்பத்தில் அவள் உலகத்தில் மந்திரம் எல்லோரும் செய்கிற மாதிரிதான் இருந்தது. கோலை நீட்டினால் நெருப்பு உருண்டை பறக்கும். முதல் நாளே வம்பு வந்தது. "உருண்டைக்குக் கரண்ட் எங்கருந்து வருது? எர்த் கொடுத்திருக்கா?" என்றான் சிவபாண்டி. "பூதத்துக்குத் தீப்புண் ஆறுதுக்கு எம்புட்டுத் துணி வேணும்?" என்று மாரிக்கனி கேட்டாள். பூதம் குடியிருந்த குகை செண்பகத்தோப்புக்கு மேலே மலையில். அதனால் நான் சட்டப்படி, வனத்துறையில் அனுமதி வாங்காமல் உள்ளே நெருப்பு கொண்டுபோக முடியாது என்று ஆட்சேபம் தெரிவித்தேன். சாயங்காலம் வரை பேசியும் பூதம் மேல் ஒரு பொறி விழவில்லை. ஜெயசித்ரா கோலையும் நெருப்பையும் வெட்டுத்துணிக் கூடையில் போட்டாள்.

அடுத்த வாரம் ஒரு பெண் கைக்குழந்தையோடு நைட்டி எடுக்க வந்தாள். சிவபாண்டிக்குப் பிள்ளைகள் என்றால் உயிர். "அடடா, கன்னத்தப் பாரு, பன்னு கணக்கா! எம்புட்டு அழகு!" என்றான். சொல்லி வாய் மூடவில்லை, பிள்ளை குடித்த பாலை எல்லாம் கக்கிவிட்டு வீறிட்டது. தாய்க்காரி அவனைச் சுட்டெரிக்கிற மாதிரி பார்த்தாள். கல்லாவிலிருந்து இசக்கியம்மாள் பாய்ந்து வந்து, "ஏலே கொள்ளிக்கண்ணா, காலைத் தூக்கு!" என்று அவன் காலடி மண்ணைத் துடைத்தெடுத்து, உப்போடும் மிளகாயோடும் பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போட்டார். அப்புறம் பிள்ளையைத் தூக்கி, "என் கருவாப்பயலே, கோட்டான் மூஞ்சி" என்று கொஞ்சினார். அது பொக்கைவாயைத் திறந்து சிரித்தது.

எல்லோரும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, ஜெயசித்ரா மட்டும் சிவபாண்டி நின்ற இடத்தைப் பார்த்தாள். "அண்ணே, அசையாதிய. எம்புட்டுத் தூரத்துல இருந்து சொன்னிய?" என்று டேப்பை எடுத்து அளந்தாள். "பன்னுன்னு சொன்னப்ப பட்டுச்சா, அழகுன்னு சொன்னப்ப பட்டுச்சா?"

அப்படிப் பிறந்ததுதான் கண்ணடிபுரம். அந்த உலகத்தில் மந்திரம் என்றால் பாராட்டு, ஆயுதமும் அதுதான். சும்மா 'சூப்பர்' என்றால் பூதத்துக்கு ஒரு ரோமம்கூட உதிராது. அதன் மூக்கையோ நடையையோ குறிப்பாகச் சொல்லி, உள்ளபடியே வயிறெரிந்து பாராட்ட வேண்டும். கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டால் அடி இரட்டிப்பாகும். வேலியில் பழைய செருப்பைத் தொங்கவிட்டால் கேடயம், கன்னத்தில் கரும்பொட்டு வைத்தால் கவசம். அடிபட்டவனைப் பிழைக்க வைக்க ஒரே வழி திட்டுவது. அதற்கென்று ஆற்றங்கரையில் ஒரு வைத்தியச்சி இருக்கிறாள், பெயர் ஏசக்கியம்மை. அவள் 'மூதேவி' என்றால் காயம் ஆறும், 'சனியனே' என்றால் செத்தவனே எழுந்து உட்காருவான். அவள் யார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கல்லாவில் இருந்தவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு விதி மாரிக்கனி போட்டது. விளையாட்டு நடுவே சிவபாண்டி வடையையும் காற்றையும் பாராட்டிக்கொண்டே இருந்ததால், மேசையில் உட்கார்ந்து யார் எதைப் பாராட்டினாலும் அது கணக்கில் சேரும் என்றாள். நான் அதைப் பக்காவாக எழுதினேன்: 'மேற்படி மேசையில் அமர்ந்தவர், எந்த மொழியிலும், நேராகவோ ஜாடையாகவோ, சுயநினைவோடோ வாய் தவறியோ செய்யும் பாராட்டு, அந்தக் கணமே அமலுக்கு வரும். இன்னாரை என்று குறிப்பிடாத பாராட்டு, அந்தப் பொருளைக் கொண்டுவந்தவர் தலையில் விழும்.' 'எந்த மொழியிலும்' என்பது ஜெயசித்ரா கேட்டு வாங்கிச் சேர்த்தது. பாகுந்திக்காரிகள் தப்பிக்கக் கூடாது என்றாள்.

இப்போது புரிந்திருக்கும். அந்த மேசையில் அவளிடம் நல்லா இருக்கிறது என்று சொன்னால் அடி அவள் தலையிலேயே விழும். பழக்கம் வீடு வரைக்கும் வந்துவிட்டது. என் மனைவி ஷெரின் வைத்த அயிரை மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, பாசத்தோடு, "கேவலமா இருக்கு" என்றேன். இரண்டு நாள் ஓட்டலில் சாப்பிட்டேன்.

இப்படி இருக்கையில் நான் தட்டச்சடித்த விதிமுறைப் பிரதியை ஜெயசித்ரா கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டாள். இந்த மாதிரி விளையாட்டுகளைப் பெட்டி போட்டு அச்சடித்து விற்கிற ராம்குமார் என்பவருக்கு. தென்காசியில் ஒரு கல்யாணத்துக்கு வருவதாகவும், திரும்பும் வழியில் ஞாயிற்றுக்கிழமை விளையாடிப் பார்ப்பதாகவும் பதில் வந்தது. அதைக் கேட்ட இசக்கியம்மாள் மேசையைத் தட்டிச் சொன்னார்: "ஏட்டி, இதான் கடைசி. அவிய வேண்டாமின்னுட்டா, இந்த மேசை இருக்க இடத்துல லெக்கின்ஸ் ரேக்கு வந்துரும். பகடைய நானே குப்பையில போடுவேன். யாவாரத்தப் பாப்பியா, பூதத்துக்குச் சோறு போடுவியா?" ஜெயசித்ரா அம்மாவையும் மேசையையும் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். அந்த 'சரிம்மா' எனக்கு ஆகவே ஆகாது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ராம்குமார் வந்தார். மனிதர் வெண்ணெய். கோயம்புத்தூர்க்காரர்கள் மரியாதை தெரிந்ததுதானே. அவர் விதிகளை வரி விடாமல் படித்திருந்தார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. ஆனால் படித்தது மண்டையில் இருந்தது, வாய் கோயம்புத்தூரிலேயே இருந்தது.

உட்கார்ந்து பகடையைக்கூடத் தொடவில்லை. மாரிக்கனி ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "காபி பிரமாதமுங்க" என்றார்.

நைட்டிக்குப் பின்னாலிருந்து ஜெயசித்ராவின் குரல் வந்தது: "காபி கொண்டுவந்தது மாரிக்கனி. இருபத்தஞ்சு புள்ளி அடி. மாரிக்கனி கீழ விழுந்துட்டா."

"அய்யோ, மன்னிச்சுக்குங்க! நான் ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணன்கூடப் போயிர்றனுங்க" என்றபடி, பதற்றத்தில் நான் வாங்கிவந்த பால்கோவாவை ஒரு துண்டு வாயில் போட்டார். நான் கையை நீட்டித் தடுப்பதற்குள், கண்ணை மூடிக்கொண்டு, "ஆஹா, தேவாமிர்தமுங்ணா" என்று ஒரு பெருமூச்சும் விட்டார். பெருமூச்சுக்கு இரட்டிப்பு. நான்கு மாதமாகக் கரும்பொட்டு வைத்துக் காப்பாற்றி வந்த, விளையாட்டில் என் வேஷமான தளவாய், பூதத்தின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பால்கோவாவால் செத்தான். எனக்கு வந்த கோபத்துக்கு மிச்சப் பால்கோவாவை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது சிவபாண்டி. அவன் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, கண்ணாலேயே விருந்தாளியைக் கெஞ்சினான். ராம்குமார் அவன் தோளைத் தட்டி, "கவலைப்படாதீங்க, உங்க பொறுமைய நான் எங்கயும் பார்த்ததில்லைங்க" என்றார். சிவபாண்டியும் போனான்.

கடைசியில் பூதமும் ராம்குமாரும் தனியாக நின்றார்கள். இனியாவது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். ஜெயசித்ரா பூதத்தை வர்ணித்தாள்: கொப்பரை வாய், பாசி பிடித்த பல், முதுகில் குடியிருக்கும் வௌவால்கள். நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர், வௌவாலில் நிலை தவறி, "ச்சே, என்ன கண்றாவிங்க இது!" என்றார். திட்டினால்தான் உயிர் ஏறுமே. பூதம் இரண்டு மடங்கு பெருத்து, அவரைத் தூக்கி வெற்றிலை மாதிரி கடைவாயில் அடக்கிக்கொண்டது.

ஆட்டம் முடிந்தது. வந்த விருந்தாளி எல்லோரையும் கொன்று, தானும் செத்து, வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கல்லாவில் இசக்கியம்மாள் சில்லறை அடுக்குவதை நிறுத்திவிட்டார். ஜெயசித்ரா நைட்டியை விலக்கி வெளியே வந்தாள். பகடையை முந்தானையில் முடிந்துகொண்டிருந்தாள். நான் ஆண்டவரே என்று மனதுக்குள் ஜெபிக்க ஆரம்பித்தேன். கர்த்தருக்குப் பூத விளையாட்டில் அக்கறை உண்டா என்று தெரியாது, ஆனாலும் ஜெபித்தேன்.

"எப்படி சார் இருந்துச்சு?" என்றாள்.

ராம்குமார் வாயைத் திறந்தார். "ரொம்ப..." என்றதுமே மாரிக்கனி கையை உயர்த்தினாள். "சார், மேசைய விட்டு இன்னும் எந்திரிக்கல. சொன்னா கணக்கு. மேசையக் கொண்டுவந்தது அவதான்."

அவர் வாயை மூடினார். மேசையைப் பார்த்தார், மாரிக்கனியைப் பார்த்தார், ஜெயசித்ராவின் முந்தானை முடிச்சைப் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்த இடத்திலேயே கை கூப்பி, மரியாதை துளியும் குறையாமல் சொன்னார்: "கேவலமா இருக்குங்க. இத்தனை வருசத்துல இவ்வளவு விளங்காத விளையாட்டை நான் பார்த்ததே இல்லைங்க. பூதம் மகா மட்டமுங்க. மந்திரம் சுத்தக் கழிசடைங்க. இதை அச்சடிக்க எனக்குக் குடுப்பீங்களா?"

சிவபாண்டி விசிலடித்தான். நானும் மாரிக்கனியும் செத்தவர்கள் என்பதை மறந்து எழுந்து குதித்தோம். ஜெயசித்ரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. "குடுக்கேன் சார்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாக, "பாத்தியளாண்ணே, இப்பவும் ஒருத்தரும் சொல்லல. நானே வச்ச சட்டம்" என்றாள். பெட்டி வரப்போகிறது, கடைகளில் விற்கப்போகிறது. ஆனால் அவள் கேட்டது பெட்டி இல்லை. விதியை எழுதின கையை எனக்கு அப்போது உடைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போதுதான் கல்லா காலியாக இருப்பதைக் கவனித்தோம். கடைக்குப் பின்னால்தான் வீடு. அங்கிருந்து இசக்கியம்மாள் வந்தார். ஒரு கையில் சிரட்டைக் கங்கு போட்ட இரும்புச் சட்டி, மறு கையில் உப்பும் வரமிளகாயும்.

"தம்பி, காலைத் தூக்குங்க" என்று ராம்குமாரிடம் சொன்னார். அவர் பயந்துபோய் இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கப் பார்த்தார். அவர் காலடி மண், என் காலடி மண், மாரிக்கனி, சிவபாண்டி, யாரையும் விடவில்லை. சிவபாண்டியிடம் மட்டும் ஒரு கை கூடுதலாக எடுத்தார். மேசையைச் சுற்றினார். பகடையை வாங்கி வைத்து அதற்கும் சுற்றினார். கடைசியில் மகளைப் பிடித்து உட்கார வைத்து, "ஊரு கண்ணு, உறவு கண்ணு, கோயமுத்தூர் கண்ணு" என்று தலையைச் சுற்றி, எல்லாவற்றையும் கங்கில் போட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றிப்போட்ட மிளகாய் நெடி அடித்தால் கண்ணு ஒன்றும் படவில்லை என்று அர்த்தம். நெடியே இல்லாவிட்டால், அம்மாடி, அத்தனை பேர் பார்த்து வியந்திருக்கிறார்கள், கண்ணு மலை மாதிரி பட்டிருக்கிறது.

அன்றைக்கு அடித்த நெடியை நான் இதுவரை எங்கும் கண்டதில்லை. நாலு பக்கமும் நைட்டி தொங்குகிற கடை, புகை போக வழி இல்லை. ஃபேன் அதை வாரி வாரி எங்கள் முகத்திலேயே அடித்தது. ராம்குமார் துண்டு மாதிரி ஒரு நைட்டியை எடுத்து மூக்கைப் பொத்தினார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். நான் இருமிய இருமலில் பையிலிருந்த பால்கோவா கீழே விழுந்தது.

நடுவில் இசக்கியம்மாள் சட்டியைப் பிடித்தபடி நின்றார். கண்ணிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. இருமலுக்கு நடுவே ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்: "பாத்தியாட்டி... நெடியே... இல்ல. கொஞ்சங்கூட... கமறல... பாரு. எம்புட்டுக் கண்ணு... பட்டிருக்கு... எம் பிள்ளைக்கு."

ஜெயசித்ரா அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவாம்மா?"

"பின்ன? பொய்யா சொல்லுதேன்?" இன்னொரு இருமல் வந்தது. "கேளு, இவியகிட்ட கேளு."

"ஆமா பெரியம்மா, நெடியே இல்ல" என்றேன். மூச்சு விட முடியவில்லை. மாரிக்கனி தலையை ஆட்டினாள். ராம்குமார் நைட்டிக்குள்ளிருந்து, "சுத்தமா இல்லைங்க" என்றார்.

ஜெயசித்ரா மேசையில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். இசக்கியம்மாள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் முதுகைத் தடவி, "எந்திரிட்டி, சனியனே" என்றார்.

மிளகாய்க்குத்தான் அழுகிறாள் என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டோம்.